கேனரியில் குஞ்சு எடுப்பது: பெட்டை தயாரா என்று பாருங்கள்

கேனரி என்கிற சின்னப் பாட்டுப் பறவையை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதன் பாட்டுக்கு மயங்கித்தான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான். ஆனால் குஞ்சு எடுக்கும் ஆசை வந்துவிட்டால் கவனம் ஆணிடமிருந்து பெட்டைக்கு மாற வேண்டும். நல்ல வெளிச்சமும் வயிறு நிறையத் தீனியும் இருந்தால் ஆண் பாடத் தொடங்கிவிடும். அதை வைத்துப் பெட்டையும் தயார் என்று முடிவு கட்டக் கூடாது. கூமுட்டை, பாதியில் கைவிட்ட கூடு, பெட்டையைக் கொத்தி ரத்தம் வரவைத்த ஆண் என்று என்னிடம் வருகிற புலம்பல்களில் முக்கால்வாசிக்குக் காரணம் ஒன்றுதான்: இரண்டு வாரம் முந்திப் போட்ட ஜோடி.

எதை வாங்குவது

கேனரியில் பாட்டுக்கென்று, நிறத்துக்கென்று, உருவத்துக்கென்று மூன்று வழிகளில் இனங்களை வளர்த்திருக்கிறார்கள். பாட்டு இனங்களில் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப் பகுதியில் உருவான ரோலர், அலகை ஏறக்குறைய மூடியபடியே தாழ்ந்த குரலில் உருட்டிப் பாடும். பெல்ஜியத்து வாட்டர்ஸ்லாகர் பாட்டில் தண்ணீர் குமிழியிடும் சத்தம் கேட்கும். ஸ்பெயினின் டிம்ப்ராடோ கணீரென்று பாடும். ஒரே அறையில் அதோடு உட்கார்ந்து வேலை பார்ப்பது என்னால் ஆகாது. முதல்முறை குஞ்சு எடுப்பவருக்கு ஃபைஃப் அல்லது பார்டர் இனத்தைச் சொல்வேன். சின்ன உடம்பு, சுறுசுறுப்பு, நல்ல தாய்மை. யார்க்‌ஷயர் மாதிரி பெரிய பறவைகளுக்கு அனுபவம் வந்த பிறகு போகலாம்.

எல்லாமே கேனரித் தீவுகள், மதீரா, அசோர்ஸ் தீவுகளில் இன்றும் பறக்கிற பச்சை கலந்த மஞ்சள் பறவையின் வாரிசுகள்தான். ஏறக்குறைய ஐந்நூறு வருடமாகக் கூண்டிலேயே பெருகி வந்த இனம் என்பதால், யாரும் காட்டில் போய்ப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆணா பெட்டையா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆணை அது பாடுவதைக் காதால் கேட்டுவிட்டு வாங்குங்கள். நின்ற நிலையில் தொண்டை புடைக்க, இடைவிடாமல் சில நொடிகளாவது பாட வேண்டும். துண்டு துண்டாகக் கீச்சிடுவது பெட்டையும் செய்யும். இதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு: டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனைக் கொடுத்தால் பெட்டையே பாடும், மருந்து இறங்கியதும் நின்றுவிடும். இனப்பெருக்கக் காலத்தில் வாலடியை ஊதிப் பார்த்தால் சந்தேகம் தீரும். ஆணுக்கு அந்த இடம் சின்னக் காம்புபோல் துருத்தி நிற்கும். பெட்டைக்கு வயிற்றோடு சேர்ந்து பரந்து இருக்கும்.

காலில் வருடம் பொறித்த மூடிய வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சாக இருக்கும்போது மட்டுமே அந்த வளையம் பாதத்தில் நுழையும் என்பதால் வயதில் பொய் சொல்ல முடியாது. பெட்டைக்கு ஒரு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் இருந்தால் நல்லது.

எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பதையும் வாங்கும்போதே மனதில் வையுங்கள். கிளாஸ்டர் என்கிற இனத்தில் கொண்டை உள்ள பறவையோடு இன்னொரு கொண்டை கிளாஸ்டரைச் சேர்க்காதீர்கள். கொண்டை மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்த கரு பிழைக்காது. கணக்குப்படி நான்கில் ஒரு பங்கு அப்படிப் போகும். ஒன்று கொண்டை, மற்றது கொண்டையில்லாதது என்பதே சரி. டாமினன்ட் ஒயிட் என்கிற வெள்ளைக்கும் இதே சட்டம். இறகு விஷயத்திலும் ஒன்று மெல்லிய இறுக்கமான இறகு, மற்றது நுனியில் வெள்ளைப் பொடி தூவினாற்போன்ற பருத்த இறகு என்று சேர்க்க வேண்டும். பருத்த இறகையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால், இறகு தோலை விட்டு வெளியே வர முடியாமல் உள்ளேயே சுருண்டு கட்டியாகும்.

கூண்டு

நடுவில் தடுப்பு போடக்கூடிய, சுமார் 90 முதல் 100 செ.மீ. நீளமுள்ள இரட்டைக் கூண்டு வாங்குங்கள். மூன்று பக்கமும் மூடி, முன்பக்கம் மட்டும் கம்பி உள்ள பெட்டிக் கூண்டு அடைகாக்கும் பறவைக்கு நிம்மதி. கேனரி பக்கவாட்டில் பறக்கிற பறவை. உயரமான உருண்டைக் கூண்டு பார்க்க அழகாக இருக்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கம்பி இடைவெளி 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். தடுப்பு இரண்டு வேண்டும்: ஒன்று கம்பித் தடுப்பு, மற்றது முழுக்க மறைக்கிற பலகைத் தடுப்பு.

உட்காரும் குச்சி ஆடக் கூடாது. இதைச் சின்ன விஷயமாக நினைப்பவர்கள் அதிகம். இணை சேரும்போது குச்சி ஒரு இம்மி உருண்டாலும் ஆண் வழுக்கிவிடும். முட்டை வரும், உள்ளே கரு இருக்காது. விரலால் அழுத்திச் சுழற்றிப் பாருங்கள். ஆடினால் இறுக்குங்கள். குச்சிகள் ஒரே தடிமனில் இல்லாமல் 10 முதல் 15 மி.மீ. வரை கலந்து இருந்தால் பாதம் நன்றாக இருக்கும்.

கூண்டைச் சமையலறையில் வைக்கவே வைக்காதீர்கள். ஒட்டாத பூச்சு போட்ட பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரல் வழியாகப் புதுக் காற்றுப் போகிற அமைப்பு பறவைகளுக்கு. பாட்டுக்குத் தெம்பு தருகிற அதே அமைப்பு, விஷக் காற்றையும் வேகமாக உள்ளே வாங்கிவிடும். பிரிட்டன் சுரங்கங்களில் 1986 வரை கேனரியை எச்சரிக்கைக் கருவியாக வைத்திருந்தது இதனால்தான்.

பெட்டையைத் தயார் செய்வது

ஆணையும் பெட்டையையும் பலகைத் தடுப்பின் இரண்டு பக்கமும் விடுங்கள். ஒன்றையொன்று பார்க்க வேண்டாம், கேட்டால் போதும். கேட்பது உண்மையிலேயே வேலை செய்கிறது. 1976-ல் பறவைப் பாட்டு ஆய்வாளர் டொனால்ட் க்ரூட்ஸ்மா கேனரிப் பெட்டைகளுக்குப் பதிவு செய்த பாட்டைப் போட்டுப் பார்த்தார். பல வகைச் சுரங்கள் நிறைந்த பாட்டைக் கேட்டவை, சில சுரங்களே திரும்பத் திரும்ப வந்த பாட்டைக் கேட்டவற்றைவிட வேகமாகக் கூடு கட்டின, கூடுதலாக முட்டையும் இட்டன. நல்ல பாடகன் ஒருவன் அதே அறையில் இருப்பது ஜோடி போடும் முன்பே பாதி வேலையை முடிக்கும்.

அடுத்தது வெளிச்சம். பகல் நீள்வதைத்தான் கேனரியின் உடம்பு வசந்தமாக எடுத்துக்கொள்கிறது. பகல் குறைவாக இருந்தால் விளக்கும் டைமரும் வைத்து, சில நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் கூட்டி, 14 மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் 10-லிருந்து 14-க்குத் தாவினால் ஆண் சட்டென்று வேகமெடுத்துவிடும், பெட்டை பின்தங்கும். அப்புறம்தான் அடிதடி. சாயங்காலம் பெரிய விளக்கு அணைந்த பிறகு அரை மணி நேரம் மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும். பின்னால் அடைகாக்கும் நாட்களில், தண்ணீர் குடிக்க இறங்கிய பெட்டை இருட்டில் கூட்டுக்குத் திரும்ப முடியாமல் தவிக்காது.

தீனியையும் இதே வேகத்தில் கூட்டுங்கள். அடிப்படை கேனரி விதை. அதோடு கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் விதை, கொஞ்சம் நைஜர் (பேயெள்ளு), கொஞ்சம் ஆளி. வாரத்தில் இரண்டு நாள் என்று முட்டை உணவைத் தொடங்கி (நன்றாக வேகவைத்த முட்டையை ரஸ்க் தூளோடு உதிரியாகப் பிசைந்தது) மெல்ல ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆக்குங்கள். பசுங்கீரை, துளிர்விட்ட விதை சேரட்டும். கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் தொங்க வேண்டும். கால்சியம் குறைந்தால் முட்டை வெளியே வராமல் பெட்டை தவிக்கும். அவகாடோ வேண்டாம், அது பறவைக்கு விஷம்.

சரி, தயார் என்று எப்படித் தெரியும்? ஒரு அறிகுறியை வைத்து முடிவு செய்ய மாட்டேன். குறைந்தது மூன்று அறிகுறிகள் ஒன்றாகத் தெரிய வேண்டும். பெட்டை வாயில் இறகையோ காகிதத் துணுக்கையோ கவ்விக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் கூண்டு முழுக்க அலையும். தன் துணையை அழைக்கிற ஒரு தனிக் குரல் கொடுக்கும். இறக்கையைச் சட்சட்டென்று அடித்துக் குச்சி விட்டுக் குச்சி தாவும். ஆண் பாடினால் குனிந்து வாலைத் தூக்கும். கையில் எடுத்து வயிற்று இறகை ஊதினால் தோல் வெறுமையாக, சிவந்து, லேசாக வீங்கித் தெரியும்.

என்னிடம் சாம்பல் கொண்டையோடு ஒரு கிளாஸ்டர் பெட்டை இருக்கிறது. கூட்டுக் கிண்ணத்தை வைத்த உடனே அதில் ஏறி உட்கார்ந்து நெஞ்சை அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றும். புதிதாகப் பார்ப்பவர் “அட, தயாராகிவிட்டதே” என்பார். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் வைத்த நாரையெல்லாம் அதுவே இழுத்துக் கீழே போட்டுவிடும். மறுநாள் மறுபடியும் அதே விளையாட்டு. இப்படிச் சில நாள் போன பிறகு ஒரு காலையில் நாரை இழுக்காது. கிண்ணத்தின் ஓரத்தில் நின்று, மெல்லிய இழை ஒன்றை அலகால் குத்திச் சொருகி, உள்ளே இறங்கி, வாலை மேலே தூக்கிக்கொண்டு கால்களால் பின்பக்கம் உதைத்து உதைத்துக் குழியை வழவழப்பாக்கும். வித்தியாசம் இதில்தான். கட்டிப் பிரிப்பது விளையாட்டு. குழியை வழவழப்பாக்கிச் சரிசெய்வது முட்டைக்கான ஏற்பாடு. நான் அன்றுதான் பலகைத் தடுப்பை எடுத்துக் கம்பித் தடுப்பைப் போடுவேன்.

கம்பி வழியாக ஆண் இரை ஊட்டினால், பெட்டை அதை வாங்கிக்கொண்டால், தடுப்பை முழுதும் எடுத்துவிடலாம். துரத்தல் கொஞ்சம் இருக்கும், பரவாயில்லை. தலையில் இறகு பிய்கிறது, பெட்டை மூலையில் ஒடுங்குகிறது என்றால் மறுபடி தடுப்பைப் போட்டுச் சில நாள் பொறுங்கள்.

கூட்டுக் கிண்ணம் 10 செ.மீ. அகலம் போதும். அடியில் ஃபெல்ட் துணி வைத்துத் தையுங்கள். சணலோ நாரோ விரல் நீளத்துக்கு மேல் இல்லாமல் வெட்டிக் கொடுங்கள். நீளமான இழை பெட்டையின் காலிலும் குஞ்சின் காலிலும் சுற்றி இறுக்கும். பார்ப்பதற்குள் விரல் போய்விடும்.

முட்டையும் அடையும்

முட்டை அதிகாலையில் வரும், நாளுக்கு ஒன்று, பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து வரை. வெளிர் நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளிகள். பெட்டை முதல் முட்டையிலேயே அடைகாக்கத் தொடங்கிவிடும் என்பதால், அப்படியே விட்டால் முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் மூன்று நாள் வித்தியாசம் வரும். அந்த வயதில் மூன்று நாள் என்பது மிகப் பெரிய இடைவெளி. சின்னது அண்ணன்களின் காலடியில் கிடந்து இரை கிடைக்காமல் சாகும். அதனால் தினமும் காலையில் முட்டையை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் முட்டையை வையுங்கள். எடுத்ததை விதை பரப்பிய கிண்ணத்தில், குளிர்ச்சியான இடத்தில் வைத்து, தினம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். நான்காவது முட்டை வந்த அன்று எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிட்டுத் தேதியைக் கூண்டிலேயே எழுதி ஒட்டுங்கள். கையால் எடுக்கப் பயமாக இருந்தால் சின்னக் கரண்டி.

முட்டையிடும் நாட்களில் பெட்டை காலையில் உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தால் முட்டை சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். வயிற்றை அழுத்தாதீர்கள், உள்ளேயே உடைந்தால் பறவை போய்விடும். 30 டிகிரி அளவுக்குக் கதகதப்பான, ஈரப்பதமான பெட்டியில் வைத்து, அன்றே பறவை மருத்துவரிடம் போங்கள்.

அடை வைத்து ஆறாம் ஏழாம் நாளில் இருட்டறையில் சின்ன டார்ச்சின் மேல் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். கரு இருந்தால் சிலந்திக்கால்போல் செந்நரம்புகள் பரவியிருக்கும், நடுவில் ஒரு கரும்புள்ளி. தெளிவாக மஞ்சளாகத் தெரிந்தால் கூமுட்டை. அதையும் உடனே எடுக்க வேண்டியதில்லை. பொரித்த குஞ்சுகள் சாய்ந்துகொள்ள ஒன்றிரண்டு கிடந்தால் நல்லதுதான்.

13 அல்லது 14-ஆம் நாள் குஞ்சு வரும். அதற்கு முந்தைய இரண்டு நாளும் குளிக்கத் தண்ணீர் வையுங்கள். பெட்டை நனைந்த வயிற்றோடு வந்து உட்காரும்போது முட்டைக்குத் தேவையான ஈரம் கிடைத்துவிடும். நீங்கள் முட்டை மேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம்.

குஞ்சுகள்

முதல் நாள் குஞ்சுக்கு அதிகம் இரை தேவைப்படாது. மஞ்சள் கருவின் மிச்சம் வயிற்றில் இருக்கும். இரண்டாம் நாளிலிருந்து தாய் எழுந்து ஊட்டியாக வேண்டும். முட்டை உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு மூன்று நான்கு தடவை புதிதாக வையுங்கள். புதுக் கிண்ணம் வரும்போதெல்லாம் பெட்டை இறங்கி வந்து தின்று, மேலே போய் ஊட்டும். வெயில் காலத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதை விடாதீர்கள், கெட்டுவிடும். குஞ்சின் கழுத்தில் தீனிப்பை புடைத்து, மெல்லிய தோல் வழியே மஞ்சளாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நகருங்கள்.

ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் வளையம் போட வேண்டும். முன்விரல் மூன்றையும் சேர்த்து வளையத்துக்குள் நுழைத்து, பின்விரலைக் காலோடு ஒட்டிப் பிடித்துக் கடத்தி, பின்பு அதை விடுவிக்க வேண்டும். சாயங்காலம் போடுங்கள். பளபளக்கும் வளையத்தை எச்சம் என்று நினைத்துத் தாய் வெளியே தூக்கி எறியப் பார்க்கும். இருட்டப் போகும் நேரமென்றால் அந்த ஆபத்து குறைவு.

குஞ்சுகள் 17, 18 நாளில் கூட்டை விட்டு வெளியே வரும். அப்போதும் தானாகத் தின்னத் தெரியாது. இதே நேரத்தில் பெட்டைக்கு அடுத்த கூடு கட்டும் எண்ணம் வந்துவிடும். நார் கிடைக்காவிட்டால் பெற்ற குஞ்சின் முதுகிலேயே இறகைப் பிடுங்கும். புதுக் கிண்ணமும் நிறைய நாரும் வைத்துவிட்டு, குஞ்சுகளைக் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் விடுங்கள். கம்பி வழியே தகப்பன் ஊட்டிக்கொள்ளும். ஊறவைத்த விதை, முட்டை உணவு, கீரை எல்லாம் தரைமட்டத்தில் இருக்கட்டும். 28 நாளுக்கு முன் முழுதாகப் பிரிக்காதீர்கள். காய்ந்த விதையை உடைத்து உமியைத் துப்புவதைக் கண்ணால் பார்த்த பிறகு பிரித்தால் இழப்பு இருக்காது.

வருடத்துக்கு இரண்டு ஈடு போதும். மூன்றாவதுக்குப் பெட்டை தயாராகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த வருடம் அதன் விலையை அதுவே கொடுக்கும்.

நோய்

மூன்றை மட்டும் சொல்கிறேன். சிவப்புச் செள்ளுப் பூச்சி பகலில் கூண்டின் இடுக்கில் ஒளிந்து இரவில் ரத்தம் குடிக்கும். இரவில் கூண்டை வெள்ளைத் துணியால் மூடி, காலையில் துணியின் உள்பக்கத்தைப் பாருங்கள். நகரும் சிவப்புப் புள்ளி தெரியும். அடையில் இருக்கும் பெட்டை இரவில் எழுந்து நிற்பதற்கும், குஞ்சுகள் வெளுத்துச் சாவதற்கும் இதுவே காரணமாக இருக்கும். மூச்சில் ‘டிக் டிக்’ என்று சத்தம், பாட்டு அடைத்துப் போவது: மூச்சுக்குழலிலும் காற்றுப் பைகளிலும் புகும் உண்ணி. இதற்கான மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். மூன்றாவது அம்மை, கொசு பரப்புவது. கூண்டுக்கோ ஜன்னலுக்கோ வலை போடுங்கள்.

பாட்டும் இறகும்

ஆறேழு வாரத்தில் ஆண் குஞ்சுகள் முணுமுணுக்கத் தொடங்கும். கண்ணைப் பாதி மூடி, அலகைத் திறக்காமல், தொண்டை மட்டும் துடிக்கும். அப்போதே காலில் வண்ண வளையம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டு இனம் வளர்ப்பவர்கள் இந்தக் கட்டத்தில் நன்றாகப் பாடும் மூத்த ஆண் ஒன்றை அதே அறையில் வைப்பார்கள். அதைக் கேட்டுத்தான் இளசுகள் கற்றுக்கொள்ளும். சத்தம் போடும் வேறு பறவை பக்கத்தில் இருந்தால் அதுவும் பாட்டில் ஒட்டிக்கொள்ளும், பிறகு எடுப்பது கஷ்டம்.

இனப்பெருக்கம் முடிந்ததும் இறகு உதிரும், பெரிய ஆண்கள் பாட்டை நிறுத்தும். பயந்துபோய் மருந்து வாங்க ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டை இயக்குகிற மூளைப் பகுதிகளே பருவத்துக்குப் பருவம் பெருத்துச் சிறுக்கின்றன என்று 1981-ல் மூளை ஆய்வாளர் ஃபெர்னாண்டோ நாட்டபோம் கேனரிகளில் காட்டினார்; மூளையே ஓய்வெடுக்கும்போது நாம் என்ன செய்ய? கூட்டுக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். ஆணையும் பெட்டையையும் பிரித்து வையுங்கள். வெளிச்சத்தை மெல்லக் குறையுங்கள். முட்டை உணவு வாரம் இரண்டு மூன்று முறை, குளிக்கத் தண்ணீர் தினமும். சிவப்பு இனமென்றால் நிறம் தரும் தீனியை இறகு முளைக்கிற இந்த வாரங்களில்தான் கொடுக்க வேண்டும், பிறகு கொடுத்துப் பயனில்லை. குஞ்சுகள் முதல் வருடம் இறக்கையின் பெரிய இறகையும் வாலையும் மாற்றாது, உடம்பு இறகை மட்டுமே மாற்றும். அதனால் சிவப்பு வளர்ப்பவர்கள் குஞ்சு கூட்டில் இருக்கும்போதே நிறத் தீனியைத் தொடங்குவதா, வேண்டாமா என்பதை ஜோடி போடும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.